மணம் வேண்டாம், ஆழம் வேண்டும்

கேள்வி:

டாக்டர், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அவளுடைய தாய்மாமா பிறந்தநாள் பரிசாக ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்தார். பொன்னிற முதுகு, வெள்ளை வயிறு. கூண்டோடு சேர்த்து, லாவெண்டர் வாசனை போட்ட மரச்சுருள் ஒரு பொட்டலமும், தூங்குவதற்கென்று கலர் பஞ்சு ஒரு பாக்கெட்டும் கடைக்காரர் கொடுத்தார். ஒரு வாரமாக அது அடிக்கடித் தும்முகிறது. கண்ணோரம் ஈரமாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதால் எங்களுக்கும் தூக்கம் இல்லை.

மரச்சுருள் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. எங்கள் தெருமுனையில் மரம் அறுக்கும் மில் இருக்கிறது. கேட்டால் மரத்தூள் சும்மாவே தருவார்கள். அதைப் போடலாமா? இல்லை, நியூஸ் பேப்பர், தேங்காய் நார், வைக்கோல் இவற்றில் எது நல்லது? நாற்றம் வருகிறது என்று என் கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு டெட்டால் போட்டுக் கழுவச் சொல்கிறார். அது சரியா? இடுப்பின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு புள்ளி வேறு தெரிகிறது. அதுவும் இந்தப் படுக்கையால் வந்த புண்தானா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று ராத்திரிக்குள் செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாசனை மரச்சுருளையும் கலர் பஞ்சையும் மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுங்கள். கூண்டின் தட்டை வெறும் வெந்நீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். வாசனை போடாத வெள்ளை டிஷ்யூ பேப்பரையும், எதுவும் அச்சடிக்காத வெள்ளைத் தாளையும் கிழித்து நிறையப் போடுங்கள். ஹாம்ஸ்டர் ஒளித்துவைத்திருக்கும் தீனியில் ஈரமில்லாததாகக் கொஞ்சம் எடுத்து, அது வைத்திருந்த அதே மூலையில் திரும்ப வையுங்கள். தன்னுடைய வாசனை எங்கேயாவது இருந்தால் அது அவ்வளவாகப் பதறாது.

இனி தும்மலுக்கு வருவோம். எலி இனங்கள் மூக்கால்தான் சுவாசிக்கும். மூக்கடைத்தால் வாயால் மூச்சுவிட்டுச் சமாளிப்பது அவற்றுக்கு எளிதல்ல. அந்த மூக்கு பகல் முழுவதும் படுக்கைக்குள் புதைந்திருக்கிறது. வாசனை போட்ட மரச்சுருளில் ஹாம்ஸ்டர் தூங்குவது, ஊதுபத்திக் கட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நாம் தூங்குவதைப் போன்றது. லாவெண்டர், எலுமிச்சை, ஸ்ட்ராபெர்ரி என்று விதவிதமாக மணம் சேர்ப்பது வாங்குகிறவர்களைக் கவர்வதற்காகத்தான். ஹாம்ஸ்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மணம் சேர்க்காத மரச்சுருளாக இருந்தாலும் எந்த மரம் என்று பார்க்கவேண்டும். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களுக்கு இயற்கையிலேயே ஒரு வாசனை உண்டு. பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தப்பிக்க அந்த மரங்கள் தமக்குள் வைத்திருக்கும் வேதிப்பொருள்களின் வாசனை அது. 1967-இல் எலியட் வெசெல் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஊசியிலை மரச்சுருளில் வளர்ந்த எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது அவை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக விழித்துக்கொள்வதைக் கண்டார். படுக்கையிலிருந்து எழும் ஆவியைச் சுவாசித்தே அவற்றின் கல்லீரல், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தது. படுக்கை தோலோடும் மூக்கோடும் நிற்பதில்லை, கல்லீரல்வரை போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. செந்தேவதாரு மரம் அறுக்கும் மில்களில் வேலை செய்பவர்களுக்கு அதே மரத்தூளால் ஆஸ்துமா வருவதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். பைனைச் சூளையில் வைத்து நன்றாக உலர்த்தினால் இந்தப் பொருள்கள் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் பொட்டலங்கள் பலவற்றில் எந்த மரம் என்றே போட்டிருப்பதில்லை. எப்படி உலர்த்தினார்கள் என்று எங்கே போய்க் கேட்பது? பெயர் தெரியாத மரச்சுருளை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பஞ்சு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். என்னிடம் கொண்டுவந்த ஒரு ஹாம்ஸ்டரின் பின்னங்கால் கறுத்து, வீங்கிப் போயிருந்தது. ஏதோ கடித்துவிட்டது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய இளஞ்சிவப்புப் பஞ்சு இழை ஒன்று கணுக்காலைச் சுற்றி இறுகி, தோலுக்குள்ளேயே புதைந்திருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோன கால். அதை எடுக்கவேண்டியதாயிற்று. பஞ்சு இழை அறுவதில்லை. கால் உதற உதற முறுக்கிக்கொண்டு இறுகும். வாயிலும் இதே ஆபத்து உண்டு. ஹாம்ஸ்டரின் கன்னப் பைகள் தோள்வரை நீளும். கூடு கட்ட எடுக்கும் எதையும் அது அந்தப் பைக்குள் திணித்துத்தான் தூக்கிப் போகும். உள்ளே போன பஞ்சு உப்பிச் சிக்கிக்கொண்டால் வெளியே வராது. விழுங்கினால் குடலை அடைக்கும். மேலுறையில் ஹாம்ஸ்டர் படம் போட்டு ‘பாதுகாப்பானது’ என்று எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சும் அப்படித்தான்; ஸ்வெட்டர் நூல், துணிக் கிழிசலும் வேண்டாம். கிழித்த டிஷ்யூ பேப்பர் ஒன்றே போதும். ஈரம் பட்டால் அது பிய்ந்து போய்விடும்; நமக்கு வேண்டியதும் அதுதான்.

மில் மரத்தூளைக் கேட்டிருக்கிறீர்கள். சும்மா கிடைத்தாலும் வேண்டாம். ரம்பத்தின் அடியில் சேருவது மாவு மாதிரியான தூள். ஹாம்ஸ்டர் ஒவ்வொரு முறை தோண்டும்போதும் அது முகத்திலேயே பறக்கும். அதோடு, ஒரே மில்லில் தேக்கும் வேம்பும் அயல்நாட்டுப் பைனும் மாறி மாறி அறுபடும். தேக்குத் தூள் பட்டுத் தச்சு ஆசாரிகளுக்கே கையில் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை அறுத்த தூள் கலந்திருந்தால் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் கூடவே வரும். கோழிப்பண்ணை ஆழ்கூளத்துக்கு மரத்தூள் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். கறிக்கோழி அதன்மேல் ஒன்றரை மாதம்தான் நடக்கிறது, அதற்குள் புகுந்து வாழ்வதில்லை. உமிக்கும் இதே பதில்தான். அதன் முனை கூர்மையானது, தூசியும் அதிகம்.

நியூஸ் பேப்பர் விஷம் என்று பயப்பட வேண்டாம். அவசரத்துக்கு ஒரு ராத்திரி போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதையே வழக்கமாக்காதீர்கள். வடை, பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்ததற்கு அச்சு மையில் இருக்கும் நிறமிகளும் பிற ரசாயனங்களும்தான் காரணம். ஹாம்ஸ்டரோ தாளை வாயால்தான் கிழிக்கும், கன்னத்தில்தான் வைக்கும். தவிர, அந்தத் தாள் சிறுநீரை அவ்வளவாக உறிஞ்சுவதும் இல்லை.

தேங்காய் நாரில் நீள இழை வேண்டவே வேண்டாம். பஞ்சுக்குச் சொன்ன காரணம்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் நார்க்கழிவை, அதாவது செடித் தொட்டிக்கு வாங்கும் கோகோபீட்டை, சிலர் போடுகிறார்கள். காய்ந்தால் தூசி, ஈரமானால் பூஞ்சை. இரண்டுக்கும் நடுவில் பக்குவமாக வைத்திருப்பது புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சிரமம். நெல் வைக்கோல் முரட்டுத்தனமானது, கண்ணையும் கன்னப் பையையும் குத்தும். வயலில் அடித்த பூச்சிமருந்தும் அதில் ஒட்டியிருக்கலாம். பூனைக்குப் போடும் கட்டியாகும் மண்ணை ஒருநாளும் போடாதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பிக் கெட்டியாகும் அந்தக் களிமண், வயிற்றுக்குள் போனாலும் அதையேதான் செய்யும்.

அப்படியென்றால் எதைப் போடுவது? பேப்பரில் செய்த பெட்டிங் என்று கேட்டு வாங்குங்கள். காகிதக் கூழை உதிரி உதிரியாக உலர்த்தி விற்பார்கள். வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில், மணம் சேர்க்காததாக இருக்கவேண்டும். மரச்சுருள்தான் வேண்டுமென்றால் ஆஸ்பென் மரத்துச் சுருள் கிடைக்கிறதா பாருங்கள். அது ஊசியிலை மரம் அல்ல, பைனுக்கு இருக்கும் வாசனைப் பொருள்கள் அதில் இல்லை. எதை வாங்கினாலும் வீட்டில் இரண்டு விதமாகச் சோதித்துப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து முகருங்கள். வாசனை தூக்கலாக வந்தால் வேண்டாம். இன்னொரு பிடியைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, ஜன்னல் வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே புகை மாதிரி தூசி சுற்றினால் ஹாம்ஸ்டருக்குப் போடுவதற்கு முன் மொட்டைமாடியில் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். வண்டு, பூச்சி முட்டை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பொட்டலத்தை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுக்கலாம்.

கம்பி கடிப்பதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் இருப்பது சிரிய ஹாம்ஸ்டர். 1930-இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலில் ஆழத் தோண்டி ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். அதே வட்டாரத்தில் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அளந்த வளைகள் 36 செ.மீ. முதல் 106 செ.மீ. வரை ஆழமாக இருந்தன. சராசரி 65 செ.மீ. உறங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் இடம், கழிக்க ஒரு மூலை என்று அந்த வளைக்குள் தனித்தனியே இருக்கும். இப்படிப் பிறந்த ஒரு பிராணிக்கு, கூண்டோடு வரும் தட்டில் இரண்டு விரற்கடை மரச்சுருளைப் பரப்பி ‘இதுதான் வீடு’ என்கிறோம்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். 45 ஆண் ஹாம்ஸ்டர்களை மூன்று குழுவாகப் பிரித்து, 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கையில் தனித்தனியாக வைத்தார்கள். 10 செ.மீ. படுக்கையில் இருந்தவைதான் மற்றவற்றைவிட மிகுதியாகக் கம்பியைக் கடித்தன, சக்கரத்திலும் அதிகமாக ஓடின. ஆகவே, உங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் சேட்டை செய்கிறது என்று மகளிடம் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தோண்ட இடம் தேடுகிறது.

குறைந்தது ஒரு சாண் ஆழம், அதாவது 20 முதல் 25 செ.மீ. வேண்டும். முடிந்தால் அதற்கு மேலும் போடுங்கள். கம்பிக் கூண்டில் இவ்வளவு போட்டால் வீடெல்லாம் சிதறும். பழைய மூன்றடி மீன்தொட்டி ஒன்று தேடிப் பாருங்கள், ஒழுகுகிற தொட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே கம்பிவலை மூடி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டியில் 25 செ.மீ. ஆழம் போடக் கிட்டத்தட்ட 100 லிட்டர் பெட்டிங் பிடிக்கும். ஒரே தடவையில் வாங்கினால் கையைக் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு பாதியை மட்டும் ஆழமாக்கி, மறுபாதியைச் சரிவாக இறக்குங்கள். வாங்கிய பேப்பர் பெட்டிங்கோடு, அச்சடிக்காத பழுப்புத் தாளின் கீற்று, டிஷ்யூ, பிய்த்த முட்டை அட்டை எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். நீளக் கீற்று நடுநடுவே இருந்தால்தான் சுரங்கம் சரியாது. நான்கு விரற்கடை போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள், அதன்மேல் அடுத்த அடுக்கு, மறுபடி அழுத்துங்கள். கடைசியில் விரலைச் சாய்வாக விட்டு ஒரு துளை போட்டுவைத்தால், ராத்திரி அது அங்கிருந்து வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் மகள் கண்ணாடிப் பக்கமாக உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்று மறக்கவேண்டாம்: சக்கரம், பீங்கான் கிண்ணம், மண்சட்டி போன்ற கனமான பொருள்களைப் படுக்கையின்மேல் வைக்கக் கூடாது. கீழே வளை தோண்டும்போது அவை சரிந்து ஹாம்ஸ்டரை நசுக்கிவிடும். ஆழமில்லாத பக்கத்தில் தொட்டியின் தரையிலோ, கால் வைத்த ஒரு பலகையிலோ அவற்றை வையுங்கள்.

மதுரை வெயிலுக்கும் இந்த ஆழம் உதவும். 24 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டருக்குக் கஷ்டம்தான். உங்கள் சித்திரை வெயில் 40-ஐத் தொடும். நிழலான, காற்றோட்டமான அறையில் வைத்து, வழவழப்பான ஓட்டுத் துண்டு ஒன்றை ஆழமில்லாத பக்கத்தில் தொட்டியின் தரையில் வைத்தால் வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு படுக்கும்.

சுத்தம் செய்வதில் உங்கள் கணவரின் கவலை நியாயமானது, வழிதான் வேறு. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால், தன் வாசனை மொத்தமும் காணாமல்போன பதற்றத்தில் அது எல்லா இடத்திலும் தன் வாடையைப் பூசத் தொடங்கும். நாற்றம் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், கழுவிச் சலித்து வாணலியில் வறுத்து ஆறவைத்த ஆற்றுமணலைப் போட்டுப் பாருங்கள். பல ஹாம்ஸ்டர்கள் அதையே கழிப்பறையாக்கிக்கொள்ளும். எம்-சாண்ட் வேண்டாம், அதில் கல் தூசி நிறைய. தினமும் அந்த ஈரத்தையும், அழுகக்கூடிய காய்கறித் துண்டுகளையும் மட்டும் எடுத்துவிட்டால் மூக்கை அரிக்கும் அம்மோனியா சேராது. ஆழமான படுக்கையில் சில வாரங்களுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும்; கூடு இருக்கும் பகுதியைக் கடைசிவரை தொடாதீர்கள். டெட்டால், ஃபினாயில் இரண்டும் கூடாது. வெந்நீர் போதும், கறை பிடித்திருந்தால் கொஞ்சம் வினிகர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாரம் ஒருமுறை ஓரமாகக் கையை விட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாகவோ மக்கிய வாடையாகவோ இருந்தால் அந்தப் பகுதியை உடனே எடுத்துவிடுங்கள்.

எறும்பு வரும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் ஹாம்ஸ்டர் ஒளித்துவைக்கும் தானியத்துக்கு எறும்பு வராமல் இருக்காது. எறும்புச் சாக்பீஸ் கோடு, பூச்சி ஸ்ப்ரே, அந்துருண்டை எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தொட்டி நிற்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் பாட்டிமார் சமையலறை அலமாரிக்குச் செய்தது இங்கேயும் பலிக்கும்.

இடுப்பின் கறுப்புப் புள்ளி புண் அல்ல. சிரிய ஹாம்ஸ்டருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும் வாசனைச் சுரப்பிகள் அவை. ஆணுக்கு இன்னும் எடுப்பாகத் தெரியும், சில நேரம் மேலே முடி பிசுபிசுப்பாக இருக்கும். மஞ்சள், தேங்காயெண்ணெய், களிம்பு எதுவும் தடவவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ காட்டுங்கள்.

படுக்கையை மாற்றிய இரண்டு மூன்று நாளில் தும்மலும் கண்ணீரும் குறையவேண்டும். குறையாவிட்டால், அல்லது மூச்சுவிடும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், மூக்கில் சளி ஒழுகினால், தீனி எடுக்காமல் முடி சிலிர்த்துக் குன்றி உட்கார்ந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வால் பகுதி ஈரமாக, நாற்றமாக இருந்தால் அன்றைக்கே போகவேண்டும். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, கெட்டவை பெருகி விஷம் சுரக்க வழிவிடும். அதுவே உயிரை எடுத்துவிடும். போகும்போது அந்தப் பழைய மரச்சுருளில் ஒரு பிடியை உறையோடு கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். எத்தனை நாளாக அதில் படுத்தது, எப்போது மாற்றினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.